பூ வைக்காத கவந்தி மூளி: பெங்களூரில் கிடைக்கும் சித்திப் போர்வை, தையல் கிட், வகுப்பு

பெங்களூர்க் கைவினைக் கடைகளில் கவந்தி என்று ஒரு ஒட்டுப்போர்வை கண்ணில் படும். உத்தர கன்னட மாவட்டத்துக் காட்டுப் பகுதியில், ஹளியாள், எல்லாப்பூர், முண்டகோடு, அங்கோலா தாலுகாக்களில் வாழும் சித்தி சமூகத்துப் பெண்கள் கையால் தைப்பது. (சித்தி என்றதும் நமக்குச் சின்னம்மா ஞாபகம் வரும். இது சமூகத்தின் பெயர்.) ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்டவர்களின் வழிவந்தவர்கள் இவர்கள். போர்த்துகீசியர் ஆண்ட கோவாவில் அடிமைகளாக இருந்து தப்பி, மலையேறிக் காட்டுக்குள் வந்தவர்கள் இவர்களுடைய முன்னோரில் பலர். கர்நாடகத்தில் 2003-ல்தான் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கப்பட்டார்கள்.

இங்கே பார்க்கப்போவது மூன்று. இந்திராநகர்ப் பக்கத்துக் கடை ஒன்றில் வாங்கிய ஒற்றைக் கட்டில் போர்வை (5,800 ரூபாய்), அதே கடையின் ‘நீங்களே தைக்கலாம்’ கிட் (1,450), இரண்டு சனிக்கிழமை வகுப்பு (2,200). கடையின் பெயரைப் போடவில்லை. கூடவே தரும் துண்டறிக்கை வார்த்தை மாறாமல் வேறு இரண்டு கடைகளிலும் கிடைக்கிறது, ஆகவே குறை ஒரு கடையோடு நிற்பதில்லை.

சுருக்கமாகக் கேட்பவர்களுக்கு: போர்வை கொடுத்த காசுக்குத் தகும். கிட்டை அப்படியே வாங்க வேண்டாம். வகுப்பில் ஊசி பிடிக்கும் பாதி நன்று, மற்ற பாதி வீண். துண்டறிக்கையைப் போர்வை மடித்த பழைய பேப்பரோடு சேர்த்துப் போட்டுவிடலாம்.

போர்வையைப் பிரித்ததும் முதலில் புரட்டிப் பாருங்கள். அடிப்பக்கம் ஒரு பழைய பருத்திப் புடவை, வெளுத்த மஞ்சள், ஜரிகை உதிர்ந்த கரை. அதன்மேல் தையல் வரிகள் நாலு ஓரத்தையும் ஒட்டித் தொடங்கி, சதுரத்துக்குள் சதுரமாக உள்ளே போகின்றன. மதுரையில் மாசி வீதி, ஆவணி மூல வீதி, சித்திரை வீதி, ஆடி வீதி என்று கோயிலை நோக்கி நடக்கிற மாதிரி. நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு, அங்கே தையல் முடிகிறது. இதுதான் அசல் கவந்தியின் அடையாளம். வரிகள் ஒரு ஓரத்திலிருந்து எதிர் ஓரம்வரை நேர்கோடாக ஓடினால் அது வேறு சரக்கு, சீட்டில் என்ன எழுதியிருந்தாலும் சரி.

காரணம் தைக்கும் முறையில் இருக்கிறது. மற்ற ஒட்டுப்போர்வைகளில் பெரும்பாலும் மேல்துணியைத் தனியாக இணைத்து, பஞ்சு பரப்பி, அடித்துணி வைத்து, பிறகு மூன்றையும் சேர்த்துத் தைப்பார்கள். கவந்தியில் துணியை இழுத்துக் கட்டும் மரச்சட்டம் கிடையாது, தனியாகப் பஞ்சு கிடையாது, முன்கூட்டி இணைத்த மேல்துணியும் கிடையாது. புடவையை மடித்துத் தரையில் விரித்து, ஒரு மூலையில் தொடங்கி, துண்டு வைக்கிற கையோடு ஓட்டுத்தையலும் (ரன்னிங் ஸ்டிட்ச்) போட்டுக்கொண்டே ஓரமாகச் சுற்றி வருகிறார்கள். ஒட்டுவதும் தைப்பதும் ஒரே வேலை.

நாம் வாங்கியது 4 அடிக்கு ஆறேகால் அடி. அங்குலத்துக்கு 4 தையல், வரிக்கு வரி அரை அங்குல இடைவெளி. கணக்குப் போட்டால் 3,600 சதுர அங்குலத்தில் 7,200 அங்குலத் தையல் வரி, 28,800 தையல். தேர்ந்த கை நிமிடத்துக்குப் 15 போடும் என்று வைத்தாலும் ஊசி நேரம் மட்டும் 32 மணி. துண்டு வெட்டுவது, ஓரம் மடிப்பது, நூல் கோப்பது எல்லாம் தனி. 5,800 ரூபாயில் தைத்தவர் கைக்கு எவ்வளவு என்று கடையில் கேட்டதற்கு ‘நியாய விலை கொடுக்கிறோம்’ என்ற பதிலுக்கு மேல் வரவில்லை. தொகையைக் கேளுங்கள், கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

மேல்பக்கத்தில் இடது ஓரம், மூன்றாவது வரிசை: நீலக்கட்டம் போட்ட பள்ளிச் சீருடைத் துணி ஒன்று. அதில் ஒரு செவ்வகம் மட்டும் வெளுக்காமல் கருநீலமாக நிற்கிறது. பாக்கெட் இருந்த இடம். பிரித்த பாக்கெட்டையும் விட்டுவிடவில்லை, இரண்டு துண்டு தள்ளி அதுவும் ஒட்டாக உட்கார்ந்திருக்கிறது. வலது மூலைக்குப் பக்கத்தில் பச்சைத் துணியில் வெட்டிய சின்னப் பிறை. சித்திகளில் இந்துக்கள், முஸ்லிம்கள், கிறித்தவர்கள் மூவரும் உண்டு. கிறித்தவப் பெண்கள் சிலுவை வைப்பார்கள், முஸ்லிம் பெண்கள் பிறை வைப்பார்கள். மதம் எதுவானாலும் ‘ஹிரியரு’ என்று முன்னோரைக் கும்பிடும் வழக்கம் கூடவே வருகிறது. ஹிரியரு என்றால் கன்னடத்தில் பெரியவர்கள். நம் வீட்டில் பெரியவங்களுக்குப் படைக்கிறோம் என்று சொல்வோமே, அதே சொல், அதே மரியாதை. உடுத்தித் தேய்ந்த துணியில்தான் போர்வை தைப்பது என்ற பழக்கத்தை இதோடு சேர்த்துப் பார்த்தால், அந்தத் துண்டுகள் வெறும் கட் பீஸ் இல்லை என்பது புரியும்.

நாலு மூலையிலும் முக்கோணமாக மடித்த துணி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதற்கு ஃபூலா என்று பேர், பூ என்றுதான் அர்த்தம். பூ இல்லாத கவந்தி உடுப்பில்லாமல் நிற்கிற மாதிரி என்பது சித்திப் பெண்களின் பேச்சு. தமிழ்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம், மூளி என்ற ஒரு சொல் போதும். இன்னொன்று கண்ணுக்குத் தெரியாது. நடுத்துண்டை மூடுவதற்கு முன்பு சில பெண்கள் அதற்கடியில் கொஞ்சம் அரிசி மணி வைப்பார்கள், போர்வையின் வயிறு பட்டினி கிடக்கக் கூடாது என்று. புதுக்குடத்தை வெறுங்குடமாக வீட்டுக்குள் கொண்டுவராதவர்களுக்கு இதுவும் அந்நியம் இல்லை. நாம் வாங்கியதில் நடுவைத் தடவினால் மணி நெருடுகிறது.

குறைகள்: ஒரு சிவப்புத் துண்டு சாயம் விடுகிறது. நடுவுக்கு வலப்புறம் நைலக்ஸ் துண்டு ஒன்று, அதில் நூல் இழுத்துச் சுருங்கியிருக்கிறது. நீளத்தில் ஒரு பக்கம் இரண்டு அங்குலம் குறைவு. கடைசியது குறையில் சேராது, சட்டமில்லாமல் மடியில் வைத்துத் தைத்தால் அப்படித்தான் வரும். நாலு பக்கமும் ஸ்கேல் வைத்த மாதிரி இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

துண்டறிக்கைக்கு வருவோம். அதில் மூன்று சங்கதி இருக்கிறது, மூன்றும் தப்பு.

ஒன்று, படம். மயிலிறகு கட்டி, முகத்தில் வண்ணம் பூசி ஆடும் ஆண்கள். அது குஜராத் சித்திகளின் தமால் ஆட்டம். உத்தர கன்னடத்துக்காரர்கள் வேறு வழியாக வந்தவர்கள், மொழியும் வேறு, கொங்கணி கலந்தது. குஜராத் சித்திகளை இழுப்பதென்றால் ரத்தன்பூர் தர்காவில் அவர்கள் வணங்கும் முஸ்லிம் ஞானி பாவா கோருக்குப் பக்கத்தில் இருக்கும் அவர் தங்கை மாயி மிஸ்ராவைப் பற்றி எழுதியிருக்கலாம். அண்ணனால் அடக்க முடியாத அரக்கியைத் தங்கை அடக்கினாள் என்பது அங்கே வழங்கும் கதை. பெண்களின் சக்தி என்று தலைப்புப் போட்டுவிட்டு ஆண்கள் ஆடும் படத்தைத் தேடிப் பிடித்திருக்கிறார்கள்.

இரண்டாவது தப்பு பெரிது. ‘அமெரிக்காவில் கருப்பின அடிமைப் பெண்கள் போர்வை வடிவங்களில் ரகசியக் குறியீடு வைத்து, தப்பியோடுபவர்களுக்கு வழி காட்டினார்கள். கவந்தியும் அந்த மரபே.’ குறியீட்டுக் கதை 1999-ல் வந்த ஒரு புத்தகத்தால் பரவியது. அடிமைத்தனத்தையும் போர்வைகளையும் ஆராயும் வரலாற்றாசிரியர்கள் ஆதாரம் தேடிப் பார்த்தார்கள், கிடைக்கவில்லை. தப்பியவர்கள் விட்டுப்போன வாக்குமூலங்கள் ஏராளம், அவற்றில் இப்படி ஒரு குறியீட்டைப் பற்றிப் பேச்சே இல்லை.

உண்மையிலேயே நடந்ததைச் சொன்னால் இதைவிட வலுவாக இருக்கும். ஹாரியட் பவர்ஸ் 1837-ல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் அடிமையாகப் பிறந்தவர். விடுதலைக்குப் பிறகு பைபிள் காட்சிகளைத் துணியில் வெட்டி ஒட்டி ஒரு போர்வை தைத்தார். 1886-ல் ஒரு கண்காட்சியில் அதைப் பார்த்த வெள்ளைக்கார ஓவிய ஆசிரியை ஒருவர் விலைக்குக் கேட்டார். பவர்ஸ் தர மறுத்தார். 1891-ல் கஷ்டம் நெருக்க, தானே 10 டாலருக்குக் கொடுக்க முன்வந்தார். கிடைத்தது 5. கொடுப்பதற்கு முன்பு ஒவ்வொரு கட்டத்திலும் என்ன இருக்கிறது என்று வாயால் சொல்லி எழுத வைத்தார். பிறகும் தன் போர்வையைப் பார்க்கப் பலமுறை போய்வந்தார். அது இன்று வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இன்னொரு போர்வை பாஸ்டன் கலை அருங்காட்சியகத்தில். அதில் யோபு, யோனாவோடு 1833-ல் வானத்திலிருந்து நட்சத்திரம் நட்சத்திரமாகக் கொட்டிய இரவையும் தைத்திருக்கிறார். அவர் பிறப்பதற்கு முன்பு நடந்தது, கேட்டு வைத்திருந்தது. எழுத்து மறுக்கப்பட்ட ஜனம் வேதத்தையும் வானத்தையும் ஒரே துணியில் வைத்துக் கணக்குத் தீர்க்கிறது. இதில் ரகசியம் ஏது? பட்டவர்த்தனமாகத் தைத்து வைத்திருக்கிறார், தானே விளக்கமும் சொல்லியிருக்கிறார்.

மூன்றாவது தப்பு ‘போர்வையில் உறைந்திருக்கும் ஆன்மிக ஆற்றல் உங்கள் மன அழுத்தத்தைப் போக்கும்’ என்ற வரி. அதை வகுப்போடு சேர்த்துப் பேசலாம், அங்கேயும் அதே பாட்டுத்தான்.

இப்போது கிட். உள்ளே: நாலு அங்குலச் சதுரத்தில் வெட்டிய 60 துண்டு, ஒரு மீட்டர் புதுக் காடாத்துணி, 100 மீட்டர் பாலியெஸ்டர் நூல் ஒரு கண்டு, ஊசி இரண்டு, ஒரு தாள் செய்முறை. மூன்றடிக்கு மூன்றடி குழந்தைப் போர்வை வரும் என்று போட்டிருக்கிறது. வராது. மடிப்புக்கும் ஒன்றன்மேல் ஒன்று ஏறுவதற்கும் அரை அங்குலம் போனால் ஒவ்வொரு துண்டும் மூடுவது மூன்றரை அங்குலச் சதுரம். 60 துண்டுக்கு 735 சதுர அங்குலம், அதாவது 27 அங்குலச் சதுரம். மூன்றடிக்கு 106 துண்டாவது வேண்டும். நூலும் அப்படியே. ஒற்றை நூலில் ஓட்டினால் சுமார் 80 மீட்டர் போதும். செய்முறைத் தாள் இரட்டை நூலில் ஓட்டச் சொல்கிறது, அதற்கு 160 வேண்டும்.

எல்லாம் ஒரே அளவுச் சதுரமாக வெட்டியது அதைவிட மோசம். சதுரங்கள் வரிசையாக நின்றால் நாலு மடிப்பும் ஒரே புள்ளியில் வந்து குவியும். எட்டு மடிப்புத் துணியில் ஊசி இறங்காது, வளையும், உடையும். அளவு கலந்திருந்தால் மடிப்புகள் விலகி விழும். கவந்தியின் ஒழுங்கின்மை அழகுக்காக மட்டும் வந்ததில்லை, ஊசிக்கும் அதுதான் வசதி.

கிட் இல்லாமல் தைக்க இது போதும்: நைந்த பருத்திப் புடவை ஒன்று, நாலிலிருந்து எட்டு அங்குலம்வரை கலந்து வெட்டிய பழைய பருத்தித் துண்டுகள் 60லிருந்து 70, கெட்டியான பருத்தி நூல் 200 மீட்டர், நீள ஊசி, ஒரு திம்பிள். துணி போதாவிட்டால் சிக்பேட்டையில் எடை போட்டு விற்கும் துண்டுகள் கிடைக்கும். ஜார்ஜெட், நைலக்ஸ், பனியன் துணி வேண்டாம். முதலது பிரியும், இரண்டாவது வழுக்கும், மூன்றாவது இழுபடும்.

எல்லாத் துணியையும் தைக்குமுன் ஒருமுறை துவைத்துக் காயவையுங்கள். இதைச் செய்யாவிட்டால் முதல் சலவையில் துண்டுக்குத் துண்டு வேறு அளவில் சுருங்கி, போர்வை முழுக்க அம்மைத் தழும்பு மாதிரி ஆகும். புடவையை இரண்டாக மடித்து, மூன்றடிக்கு மூன்றடி அளவுக்கு எடுத்து, நாலு ஓரத்தையும் அரை அங்குலம் உள்ளே மடித்துக் கச்சா (தற்காலிகத் தையல்) அடியுங்கள். பூவுக்கு மூன்று அங்குலச் சதுரம், குறுக்கே இரண்டுமுறை மடித்தால் முக்கோணம். மூலைக்கு இரண்டோ மூன்றோ அடுக்கி, கூர் வெளியே நீட்டும்படி மூலைத்துண்டுக்கு அடியில் செருகுங்கள். மூலைத்துண்டைத் தைக்கும்போதே பூவும் சேர்ந்து பிடிபட வேண்டும். கடைசியில் வைத்துக்கொள்ளலாம் என்று விட்டால் பிறகு சேர்க்கவே முடியாது. கிட்டின் செய்முறையில் பூவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை!

ஓரத்துண்டின் வெளிவிளிம்பை மடித்து, புடவை விளிம்பிலிருந்து ஒரு நூல் உள்தள்ளி வைத்து ஓட்டுங்கள். அதன் உள்விளிம்பை மடிக்க வேண்டாம், அடுத்த சுற்றுத் துண்டு தன் விளிம்பை மடித்துக்கொண்டு அதன்மேல் ஏறும். இப்படியே சுற்றிச் சுற்றி உள்ளே. நடுத்துண்டுக்கு மட்டும் நாலு பக்கமும் மடிப்பு.

எங்கே கெடும்? நூலை இறுக்குவதில். ஓரச் சுற்றில் நூல் இறுகினால் சுற்றளவு குறையும், நடுவில் துணி மிஞ்சும், முடிக்கும்போது நடுவே பணியாரம் மாதிரி உப்பிக்கொண்டு நிற்கும். நாலு அங்குலத்துக்கு ஒருமுறை துணியைத் தரையில் வைத்து உள்ளங்கையால் நீவி, நூலைக் கொஞ்சம் விட்டுக்கொடுங்கள். உப்பிவிட்டால் இஸ்திரி போட்டுச் சரிசெய்ய முடியாது, கடைசி மூன்று சுற்றைப் பிரிப்பது ஒன்றே வழி. பாலியெஸ்டர் நூலில் இந்தக் கோளாறு கூடுதல், அது வழுக்கிக்கொண்டு தானாக இறுகும். அரிசி வைப்பதானால் பச்சரிசி ஐந்தாறு மணி போதும். கைப்பிடி போட்டால் வண்டு வரும்.

வகுப்பு இரண்டு சனிக்கிழமை, மூன்று மூன்று மணி நேரம். தையல் சொல்லிக்கொடுப்பவருக்கு வேலை தெரியும், மேலே சொன்ன நீவும் பழக்கத்தை அவர் கையைப் பார்த்துக் கற்கலாம். ஆனால் ஆளுக்கொரு மேசை. மேசையில் கவந்தி சரியாக வராது, துணி விளிம்பில் தொங்கித் தன் எடையால் இழுக்கும். பாய் விரித்துத் தரையில் உட்காருவதே முறை. இரண்டாவது நாளில் முக்கால் மணி நேரம் விளக்கை அணைத்து, பதிவு செய்த கொட்டு முழக்கத்தைப் போட்டு, ‘கருப்பினப் பெண்களின் ஆன்மிகத்தை உள்ளே உணருங்கள்’ என்கிறார்கள்.

அந்த முக்கால் மணியில் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்து ஜீஸ் பெண்ட் ஊரைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். ஆறு வளைந்தோடும் இடத்தில் மூன்று பக்கமும் தண்ணீர் சூழ்ந்த கருப்பின விவசாயிகளின் ஊர். பெண்கள் மேல்துணியைத் தனித்தனியாக வீட்டில் இணைத்து, பிறகு தையல் சட்டத்தைச் சுற்றி உட்கார்ந்து ஜெபமும் பாட்டுமாகச் சேர்ந்து தைப்பார்கள். ஊர்க்காரர்கள் வாக்காளராகப் பதியத் தொடங்கிய காலத்தில், 1962-ல், அக்கரையிலுள்ள மாவட்டத் தலைநகர் காம்டனுக்குப் போகும் தோணிப் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. சுற்றிக்கொண்டு போனால் ஒரு மணி நேரத்துக்கு மேல். மறுபடி தோணி வந்தது 2006-ல். 1965 பிப்ரவரியில் மார்ட்டின் லூதர் கிங் வந்து பேசியது அந்த ஊர்ப் பாப்டிஸ்ட் தேவாலயத்தில். பதியப் போனவர்கள் குடியிருந்த வீட்டிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள்.

1966-ல் சுற்றுவட்டாரப் பெண்கள் ஃப்ரீடம் குயில்டிங் பீ என்று கூட்டுறவு தொடங்கினார்கள். பிரான்சிஸ் வால்டர் என்ற பாதிரியார் உதவினார், நிர்வாகத்தை நடத்தியவர் எஸ்டெல் விதர்ஸ்பூன். நியூயார்க்கில் ஏலம் விட்டார்கள். பிறகு 23 ஏக்கர் வாங்கி, தையல்கூடம் கட்டி, ஓட்டுக்காக வீடிழந்த குடும்பங்களுக்கு அதில் மனை பிரித்து விற்றார்கள். தையல் சட்டத்தைச் சுற்றிச் சொன்ன ஜெபம் என்ன செய்தது என்று கேட்டால், இந்த மனைகளைக் காட்டலாம். அந்தப் பெண்களின் பக்தி விளக்கணைத்து உணர்கிற சமாச்சாரம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பாடின அதே வாய் திங்கட்கிழமை பதிவு அலுவலகத்தில் பெயர் சொன்னது.

சங்கடமான பக்கமும் உண்டு, தையல் வகுப்பில் அவசியம் பேச வேண்டியது. பெரிய கடைகளுக்கு எல்லாம் ஒரே மாதிரி வேண்டும். 1972-லிருந்து சியர்ஸ் நிறுவனத்துக்குக் கார்டுராய் தலையணை உறைகளை அளவு பிசகாமல் தைத்துக் கொடுத்தார்கள். கூலி தவறாமல் வந்தது, ஆனால் அவரவர் கை தெரியும் வேலை அதில் இல்லை. நம் கிட்டின் நாலு அங்குலச் சதுரமும் அந்த ரகம்தான். தையல் மட்டும் கற்க வேண்டுமானால் முதல் சனிக்கிழமைக்கு மட்டும் பணம் கட்ட முடியுமா என்று கேளுங்கள். நம்மிடம் முடியாது என்றார்கள்.

பராமரிப்பு: முதல் மூன்று சலவை தனியாக, குளிர்ந்த தண்ணீரில், கல்லுப்பு ஒரு கைப்பிடி போட்டு. பூந்திக்கொட்டை ஊறிய தண்ணீர் போதும். மிஷினில் போட்டால் பூக்கள்தான் முதலில் கிழியும். நனைந்தால் நாலைந்து கிலோ கனக்கும், ஒற்றைக் கொடியில் தொங்கவிட்டால் நடுவில் நீண்டுவிடும், இரண்டு கொடியில் பரப்புங்கள். ஜூலை மாதத்தில் பெங்களூர் அடுக்குமாடி பால்கனியில் துவைக்க வேண்டாம், மூன்று நாளானாலும் காயாது, உள்ளே இருக்கும் அரிசி ஊறி நாறும். மார்ச் வெயில் சரி. துண்டு கிழிந்தால் பழசைப் பிரிக்காமல் அதன்மேலேயே புதுத்துண்டு வைத்து ஓட்டுங்கள்.

கடைசியாக, சீட்டு. ‘தைத்தவர்’ என்ற இடத்தில் ‘ஆர்ட்டிசன் மேட்’ என்று அச்சடித்திருக்கிறது, ஆள் பேர் இல்லை. கடையில் வற்புறுத்திக் கேட்டால் ஊர்க் குழுவுக்குப் போன் செய்து பேரையும் ஊரையும் வாங்கித் தருகிறார்கள், இரண்டு நாளாகிறது. அரை அங்குலப் பருத்தி நாடா மூன்று அங்குலம் எடுத்து, அழியாத சலவை மையில் அந்தப் பேரை எழுதி, காய்ந்ததும் பின்பக்கம் ஒரு பூவுக்குப் பக்கத்தில் நாலு பக்கமும் மடித்துத் தைத்துவிடுங்கள். பேனா மை வேண்டாம், முதல் சலவையிலேயே போய்விடும்.